பின்னால் எஞ்சின், முன்னால் அரிசி மூட்டை

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சுங்கை சிப்புட்டிலிருந்து குவாலா கங்சார் போகும் பழைய சடக்கில், செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை வரும். வாசலில் சக்கரம் இல்லாத பழைய கொம்பி வேன் ஒன்று நிற்கும், அதன் மேல் புடலங்கொடி படர்ந்திருக்கும். அதுதான் அடையாளம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் "புடலங்காய்ப் பட்டறை எங்கே?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். வண்டி பழுது பார்க்கும் போர்மென் அண்ணனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பாதி நாள் குலை ஏற்றும் லாரிகளுக்குக் கீழே படுத்திருப்பார். மீதிப் பாதி நாள்தான் நம்மைப் போன்றவர்களுக்கு.

நம்மைப் போன்றவர்கள் என்றால் ஆமைக்காடி வைத்திருப்பவர்கள். என்னுடையது 1970-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் 1300. ஷா ஆலாமில் 1968 முதல் இந்தக் காடிகளை இங்கேயே பூட்டி விற்றார்கள், அதில் ஒன்று. அப்பா தோட்டத்துக் கிராணி. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்க, போகும்போது கூட இதில்தான் போவார். லயத்திலிருந்து பெரட்டுக்களம் கூப்பிடு தூரம், நடந்தே போயிருக்கலாம். அப்பா போன பிறகு காடி ரம்புத்தான் மரத்தடியில் பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான் எடுத்து ஓட வைத்தேன். நான் பாமாயில் மில்லில் எடை மேடைக் கிளார்க். இருபத்திரண்டு வருடமாக லாரிகளின் எடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

டிரிஃப்ட் ஆசை, அதாவது பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்க விட்டு வளைவில் போகும் ஆசை, எனக்கு எப்படி வந்தது? என் கூடப் பிறந்த அண்ணன் மகனால். அவன் ஒரு பழைய டொயோட்டா கேஇ70 வைத்துக்கொண்டு, தோட்டத்து மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலையின் சிமெண்டுக் களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவான். மேனேஜரிடம் கடிதம் வாங்கி, வாசலில் சங்கிலி போட்டுவிட்டுத்தான். பொதுச் சடக்கில் இந்த வேலை கூடவே கூடாது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதற்கு என்றே இருக்கிறது, அதற்கு முன்னால் எதிரே வருகிறவன் உயிர் இருக்கிறது. ஒருநாள் அவன் சொன்னான்: "அத்தை, உங்க ஆமை ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு." அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

முதலில் நான் போனது இந்தப் பட்டறைக்கு இல்லை. ஈப்போவில் குளிர்சாதன வரவேற்பறையும் காப்பி மெஷினும் வைத்திருக்கும் ஒரு கடைக்கு. பெயர் வேண்டாம். 1,800 வெள்ளி வாங்கிக்கொண்டு முன்பக்கத்தை நன்றாகத் தாழ்த்தினார்கள், பின்னால் 195 அகல டயர் போட்டார்கள். படம் எடுத்தால் அழகாகத்தான் இருந்தது. மூக்கு கீழே, பிட்டம் மேலே, அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். களத்தில் இரண்டாவது கியரில் வளைத்தேன். காடி பிடிவாதமாக நேரே போனது. பயந்து எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்ஸிலரேட்டர்) காலை எடுத்தேன். எடுத்த நொடியில் பின்பக்கம் துள்ளி எழுந்தது, காடி பம்பரமாய்ச் சுற்றி, கால்வாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. இரண்டாம் தடவையும் அதே கதை. அண்ணன் மகன் ஓடி வந்தபோது நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, புடலங்காய்ப் பட்டறைக்கு வருகிறேன்.

போர்மென் அண்ணன் காடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூடியைத் திறக்கவில்லை, ஜாக்கி போடவில்லை. "தங்கச்சி, நீ மில்லுலதான வேல செய்யிற? இந்தக் காடி எவ்ளோ கனம், முன்ன எவ்ளோ, பின்ன எவ்ளோ? நிறுத்துக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு லாரிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் உள்ள லாரியெல்லாம் நிறுத்துத் தள்ளுகிறேன், என் காடியை நிறுத்ததில்லை. மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மேடையில் ஏற்றினேன். முன் சக்கரம் மட்டும் மேடையில்: 330 கிலோ. முழுக் காடி: 830. அப்படியானால் பின்னால் 500. பத்துக் கிலோவுக்குக் குறைந்த கணக்கு எங்கள் மேடைக்குத் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. நூறு பங்கில் அறுபது பின் சக்கரங்கள் மேல். அதிலும் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது.

ரசீதைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்து ஒரு கம்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். "உங்கப்பா கிராணி. நீ காண்டா தூக்கியிருக்க மாட்ட. எங்கம்மா தூக்கினாங்க." காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர் பால் வாளி. பின் வாளியில் கனம் அதிகம் என்று வையுங்கள். நேரே நடக்கும்போது ஒன்றும் தெரியாது. சட்டென்று திரும்பினால் உடம்பு நின்றுவிடும், பின் வாளி நிற்காது. அது தன்பாட்டுக்கு வீசிக்கொண்டு போய் ஆளையே இழுக்கும். பழகின பால்மரக்காரி திரும்பும்போது நிற்கவே மாட்டாள், காலை எடுத்து வைத்துக்கொண்டே திரும்புவாள். "நீ என்னா செஞ்ச? திரும்புற நேரத்துல நின்ன. மிதியில கால எடுத்தா கனம் முன்னால ஓடும், பின் சக்கரம் லேசாவும், வாளி வீசிடும்."

இருபது வருடம் யூடியூப் பார்த்தாலும் இப்படி விளங்கியிருக்காது. எனக்கு இந்த ஒரு விளக்கத்துக்கே அவர் சொல்லும் கூலியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கூலியைக் கேட்ட பிறகு கொஞ்சம் யோசித்தேன் என்பது வேறு.

அடுத்தது, பின்பக்கம் ஏன் துள்ளியது என்பது. என் காடியில் பின் அச்சு இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் கியர்பாக்ஸ் பக்கத்தில் மட்டும்தான் மடங்கும், சக்கரத்தின் பக்கம் மடங்காது. ஆகவே சக்கரம் எப்போதும் அச்சுக்குச் செங்குத்தாகவே நிற்கும். காடியின் உடம்பு உயர்ந்தால் இரண்டு சக்கரமும் கோழி காலை மடக்குவது போல அடிப்பக்கம் உள்ளே போய்விடும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலே உடம்பைத் தூக்குகிறது. தூக்கியதும் சக்கரம் இன்னும் மடங்குகிறது, டயரின் ஓரம் மட்டும் தரையில், பிடிப்பு போச்சு. இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். ஈப்போக் கடை போட்ட அகல டயருக்குப் பிடிப்பு அதிகம், அதனால் தள்ளலும் அதிகம், தூக்கலும் அதிகம். முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தியதில் பின்பக்கம் முன்பை விட எகிறி நின்றது. காசு கொடுத்துக் கால்வாய் பக்கம் போயிருக்கிறேன்.

"தங்கச்சி, உன் காடிக்கு வழுக்கத் தெரியும். அதைச் சொல்லித்தர வேணாம். வழுக்கப்போறேன்னு முன்கூட்டியே சொல்லத் தெரியாது. அதத்தான் நாம சொல்லித்தரணும்." இதைச் சொன்னபோது அவர் வாயில் ஸ்பேனர் இருந்தது. நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

இனி வேலை. முதலில் பின் உயரம். இந்தக் காடியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்குக் கம்பிதான். கம்பியின் உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல். உள்ளே ஒரு பல் திருப்பினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் திருப்பினால் 8.18 டிகிரி. மிச்சம் 0.82. இப்படி ஒரு முன், ஒரு பின் என்று திருப்பித் திருப்பித்தான் சிறுகச் சிறுகச் சரி செய்கிறார்கள். எனக்குக் கணக்கு பிடிக்கும், கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தேன். எத்தனையோ வருடத்துக்கு முன் ஒருவன் உட்கார்ந்து, 40-ம் 44-ம் வைத்தால் நுணுக்கமாகத் திருப்பலாம் என்று யோசித்திருக்கிறான் பாருங்கள். ஒரு படிக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இறங்கும். அண்ணன் நான்கு படி இறக்கினார். கம்பியை அச்சோடு இணைக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றும்போது ஒரு சங்கிலியைச் சுற்றிக் கட்டி, ஜாக்கியை முட்டுக் கொடுத்துக்கொண்டார். அந்தத் தகடு முறுக்கத்தில் இருக்கும், தவறினால் காலை எடுத்துவிடும். உங்களுக்கு இந்த வேலை தெரியாது என்றால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இறக்கிய பிறகு பின் சக்கரங்களின் தலை உள்பக்கம் ஒன்றரை டிகிரி சாய்ந்தது. முன்பு ஒரு டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. எதில் அளந்தார் தெரியுமா? தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாய், கோணமானி, நூல். டயர் கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் மெஷினில் இந்தப் பின் அச்சுக்குக் கணக்கே இல்லை என்றார். நூலைக் காடியின் இரு பக்கமும் ஓட விட்டு, நான்கு சக்கரத்தையும் அதனோடு ஒப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பூனை நூலை இழுத்துப் போக, இன்னொரு தடவை முதலிலிருந்து.

பிறகு, பின் அச்சுக்குக் கீழே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங் வந்தது. நடுவில் கியர்பாக்ஸில் மாட்டி, இரு முனையும் இரண்டு அச்சையும் கீழிருந்து தாங்கும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தொங்கி மடங்குவதை இது தடுக்கிறது. ஆனால் காடி ஒருபக்கம் சாயும்போது நடுவில் சுழன்று கொடுக்கிறது, அதனால் பின்பக்கம் மரக்கட்டையாக ஆகிவிடாது. 1966-க்குப் பின் சில மாடல்களில் இதே நோக்கத்துக்காகக் கம்பெனியே ஒரு கம்பி வைத்து அனுப்பியது. அதோடு இரண்டு தடித்த நைலான் பட்டை. லாரியில் சரக்கு கட்டுவது மாதிரிப் பட்டைதான், சக்கரம் ஓர் அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்துக்கொள்ளும். 45 வெள்ளி. மொத்த வேலையில் மலிவானவற்றில் இதுவும் ஒன்று, ஆனால் களத்தில் எனக்கு அதிகம் தெரிந்த மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், பட்டை ஸ்பிரிங்தான் என்பார்.

முன்பக்கத்தை மறுபடி ஓர் அங்குலம் உயர்த்தினார். முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன் சக்கரத்தின் பின்சாய்வு குறையும். சைக்கிளின் முன் கவட்டை பின்னுக்குச் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் நேரே போகிறது? அதுதான். டிரிஃப்டில் இது உயிர். பின்பக்கம் வழுக்கும்போது ஸ்டீரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், நாம் அதை ஓட விட்டுப் பிடித்தால் போதும். என் காடியில் அது செத்துப் போயிருந்தது. முன் அச்சின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைத் திரும்பக் கொண்டுவந்தார். ஸ்டீரிங் பாக்ஸை யாரோ இறுக்கி வைத்திருந்தார்கள், அதையும் தளர்த்தினார். இப்போது வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் வீடு திரும்பும் மாடு மாதிரி நடுவுக்கு வந்துவிடுகிறது.

முன்னால் 19 மில்லி சாய்வுக் கம்பி போட்டது எனக்கு முதலில் புரியவில்லை. முன்னால் தடித்த கம்பி போட்டால் பின்பக்கம் வழுக்குவது குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். வழுக்கத்தானே வந்திருக்கிறோம்? கேட்டேன். "வழுக்க வைக்க உன் கால் இருக்கு, கை பிரேக் இருக்கு, மழ இருக்கு. உடம்பு சாயாம இருக்கத்தான் கம்பி. சாஞ்சா தூக்கும். தூக்கினா நீ மறுபடி கால்வாய்க்குப் போவ." பின்னால் கம்பி எதுவும் போடவில்லை.

டயர் விஷயம் என் அண்ணன் மகனைச் சிரிக்க வைத்தது. அகல டயரைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்னால் பழைய 165 டயர், முன்னால் புதிய 165. எஞ்சின் 40 குதிரைத்திறன். அகல டயரை வழுக்க வைக்க அதற்கு வலு ஏது? காற்று முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 32. வோக்ஸ்வேகன் கைப்புத்தகத்தில் அந்தக் காலத்து வகை டயருக்கு முன்னால் 16, பின்னால் 24 என்றுதான் இருந்தது. அந்த முன்பின் வித்தியாசம் பெரிய ரகசியம், நான்குக்கும் ஒரே காற்று அடிக்கிற பெட்ரோல் நிலையப் பழக்கத்தை ஆமைக்காடிக்காரர்கள் விட வேண்டும். எண்களை மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தார். மழையில் அழிந்துவிட்டது, நான் பெயிண்டால் எழுதிவிட்டேன்.

அரிசி மூட்டைக்கு வருகிறேன். ஆமைக்காடியில் சாமான் வைக்கும் இடம் முன்னால். பெட்ரோல் டாங்கும் முன்னால்தான், 40 லிட்டர். "டிரிஃப்டுக்குப் போறப்போ ஃபுல் டாங்க் அடிச்சிட்டுப் போ, பத்துக் கிலோ அரிசி ரெண்டு மூட்ட முன்னால வையி" என்றார். ஒரு மூட்டையை நாங்கள் இந்த மாதமே சாப்பிட்டுவிட்டோம். மேடையில் மறுபடி நிறுத்தேன்: முன்னால் 370, பின்னால் அதே 500. மூக்குக்கு நாற்பது கிலோ கூடியது. வேடிக்கை என்று நினைக்காதீர்கள். 1960-களில் போர்ஷே கம்பெனியே 911 காடியின் முன் பம்பர் மூலைகளில் தலா 11 கிலோ இரும்பு வைத்து அனுப்பியது, இதே பின்கனத்தைச் சமாளிக்க. பிறகு 1969 மாடலில் பின் சக்கரங்களையே 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். ஜெர்மன்காரனுக்கு இரும்பு, நமக்கு அரிசி.

அண்ணன் செய்ய மறுத்தவையும் உண்டு. டிஃப்பரென்ஷியலை வெல்டு பண்ணி இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுற்றும்படி ஆக்கச் சொன்னேன். டிரிஃப்ட் பையன்கள் செய்வதுதான். முடியாது என்றுவிட்டார். "நீ இதுலதான் மார்க்கெட்டுக்குப் போற, கோயிலுக்குப் போற. வெல்டு வச்சா ஒவ்வொரு முக்குலயும் டயர் கத்தும், ஒருநாள் அச்சு உடையும். அந்த கியர்பாக்ஸுக்கு எங்க போய்ப் பொருள் தேடுவ?" பதிலுக்குக் கை பிரேக்கைச் சரி செய்தார். இந்தக் காடியில் கை பிரேக்குக்கு இரண்டு கேபிள், ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒன்று, லீவர் அடியிலேயே தனித்தனி நட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கடிக்கும்படி இறுக்கினார். லீவரில் ஒரு குமிழ் மாற்றினார், இப்போது இழுத்தால் பூட்டிக்கொள்ளாது, விட்டால் உடனே விடும். 35 வெள்ளிக்கு எனக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமான்.

சோதனை ஓட்டம் ஒரு ஞாயிறு. நம் பேராவில் பல நாளும் நான்கு மணிக்கு மழை, அன்றும் வந்தது. நாங்கள் அதற்காகவே காத்திருந்தோம். காய்ந்த சிமெண்டில் 40 குதிரைத்திறன் ஒன்றும் செய்யாது, ஈரமென்றால் ஓரளவு. அண்ணன் குடையோடு களத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அண்ணன் மகன் மூன்று பழைய டயரை நட்டு வைத்திருந்தான்.

முதல் ஐந்தாறு தடவை காடி நேரே போய்விட்டது. தடித்த முன் கம்பியின் வேலை. அண்ணன் கத்தினார்: "பிரேக்க வச்சுக்கிட்டே வளை!" நேரே வரும்போது பிரேக்கை மிதித்து, முழுக்க விடாமல் லேசாக வைத்துக்கொண்டே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டுமாம். கனம் மூக்குக்கு வரும், முன் டயர் தரையைக் கடிக்கும், பின் லேசாகும். செய்தேன். பின்பக்கம் மெதுவாக, கதவு திறப்பது போல, வெளியே வந்தது. முன்பு வந்த துள்ளல் இல்லை. "ஓ, வருகிறது" என்று எனக்கு நினைக்க நேரம் இருந்தது. அந்த நேரத்தைத்தான் நான் 2,840 வெள்ளி கொடுத்து வாங்கினேன்.

ஸ்டீரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடியது. அடுத்து வருவதுதான் கஷ்டம். உடம்பு முழுக்க "காலை எடு, எடு" என்று கத்தும். எடுக்கக் கூடாது, மிதிக்க வேண்டும். பாதி மிதி. மிதித்தால் கனம் பின்னால் திரும்பி வந்து சக்கரத்தை உட்கார வைக்கும், பின் வாளி வீச்சு அடங்கும். பால்மரக்காரி காலை எடுத்து வைத்துக்கொண்டே திரும்புவாள் என்றாரே. ஒன்பதாவது முயற்சியில் முதல் டயரிலிருந்து இரண்டாவது டயர் வரை ஒரே வழுக்கலாகப் போனேன். ஓர் அரை வட்டம் கூட இருக்காது. கேஇ70 ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் அண்ணன் மகன் சிரிக்கவில்லை. "அத்தை, சாவி குடுங்க, நான் ஒரு தடவ" என்றான். அவன் முன்னெஞ்சின் காடி பழக்கத்தில் எண்ணெய் மிதியை அமுக்கியே பின்பக்கத்தை வெளியே கொண்டுவரப் பார்த்தான். ஆமை அசையவில்லை. எஞ்சின் அந்தச் சக்கரங்கள் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது, அமுக்க அமுக்க இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேரே போனது. பிறகு காலை எடுத்தான். சுற்றிவிட்டான். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன விமர்சனம் எழுதுகிறேன்?

நான்கு நாள் என்றார், பதினேழு நாள் ஆனது. இடையில் இரண்டு லாரி வந்தால் நம் காடி ஓரம்தான். போன் எடுக்க மாட்டார். நேரே போனால் "நாளைக்கு" என்பார், எந்த நாளைக்கு என்று கேட்கக் கூடாது. அப்பாவின் பழைய சீட்டில் ஒரு கிரீஸ் கை அடையாளம், ஐந்து விரலும் தெளிவாக. துடைத்துத் தந்தார், போகவில்லை. நைலான் பட்டையின் இரும்புப் பிடி குழியில் இறங்கும்போது டக் டக் என்று அடிக்கிறது, ஒரு ரப்பர் வாஷர் வைத்தால் போகும், அது வைக்க மூன்றாவது தடவை போக வேண்டியிருக்கிறது. கணக்கு கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தருவார். ஆனால் கணக்கு சரியாக இருந்தது, நான் கூட்டிப் பார்த்தேன்: பட்டை ஸ்பிரிங் 480, முன் கம்பி 360, நான்கு ஷாக் அப்சார்பர் 620, ஆப்புத் தகடு 60, நைலான் பட்டை 45, கை பிரேக் குமிழ் 35, புஷ் வகையறா 140, கூலி 1,100.

பெரிய குறை ஒன்று உண்டு. இந்த எஞ்சினில் எண்ணெய் இரண்டரை லிட்டர்தான், ஃபில்டர் கிடையாது, ஒரு சல்லடை மட்டும். நீண்ட வழுக்கலில் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். அடியில் கூடுதல் எண்ணெய்ப் பெட்டி ஒன்று போட்டால் தீரும். அது கையில் இல்லை, வரும் என்றார். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், நான் எண்ணெய் விளக்கு சிமிட்டியதைப் பார்த்த பிறகு அல்ல. இப்போதைக்கு அவர் உத்தரவு: மூன்று சுற்று, பிறகு நிறுத்தி மூச்சு விடு, ஒவ்வொரு ஞாயிறும் முதலில் குச்சியை எடுத்து எண்ணெய் பார். செய்கிறேன்.

யார் போகலாம்? அழகுக்குத் தாழ்த்த வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றால் இங்கே போகாதீர்கள், சண்டைதான் வரும். 1302, 1303 வகை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது, அந்த வண்டிகளின் பின் அச்சில் சக்கரத்தின் பக்கமும் மடங்கும், துள்ளல் தொல்லை குறைவு. என்னைப் போல பழைய அச்சுக்காரர்கள் போகலாம். ரொக்கம் கொண்டு போங்கள். அவர் மகள் கியூஆர் ஒட்டி வைத்திருக்கிறாள், ஆனால் பணம் வந்ததா என்று அவளுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் சாவி தருவார், அவளும் போன் எடுப்பதில்லை. புதன்கிழமை மதியத்துக்கு மேல் லாரி குறைவு, அப்போது போனால் பேச நேரம் இருக்கும். தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக்கொண்டு போங்கள், சீனி குறைவாக.

அடுத்த புதன் நானும் அங்கேதான் இருப்பேன். ரப்பர் வாஷருக்கு.